தஞ்சாவூர்ப் பொம்மை விழாதிருப்பது எங்ஙனம்?

பல்லவ மன்னன் இராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலைப் பனமலையிற் கண்டு, பின்னர்ச் செஞ்சிக் கோட்டையை நோக்கிச் செல்வோர், அங்குப் பாறைமேற் பாறையாய் அடுக்கி வைத்தாற்போன்று கிடக்கும் பெருங்கற்களைப் பார்த்து, இவை எக்கணம் உருளுமோ என்று அஞ்சுவதுண்டு. அவையோ அசைவதில்லை. நவராத்திரிக் கொலுவில் நாம் வைக்கும் தஞ்சாவூர்ப் பொம்மை இதற்கு நேர் மாறானது. விரல் பட்ட மாத்திரத்தில் தரைமட்டும் சாய்கின்றது; சாய்ந்தும் விழாமல் எழுந்து நிற்கின்றது. கல்லின் நிலைபேறும் பொம்மையின் நிலைபேறும் ஒன்றல்ல. வேற்றுமை யாதென ஆராய்வோம்.

ஒரு பொருளின் பளு முழுவதும் ஒரு புள்ளியிற் குவிந்துள்ளதாகக் கொள்ளலாம். அப்புள்ளியைப் புவியீர்ப்பு மையம் என்பர். அம்மையம் இயன்ற அளவு தாழ்ந்திருக்கவே நாடும். தட்டையான அடியுடைய கல்லைச் சிறிது சாய்த்தால் அதன் மையம் சற்று உயரும். கையை விட்டால் பழைய இடத்திற்கே மீளும். அம்மையம் அடிவிளிம்பிற்கு நேர்மேலே வந்து, அதனையும் கடக்குமளவு தள்ளிவிட்டாலோ கல் உருண்டே தீரும். ஆகவே கல்லின் நிலைபேற்றுக்கு ஓர் எல்லை உண்டு.

பொம்மையின் அடி உருண்டையானது. உருண்டை தரையில் எங்ஙனம் புரண்டாலும் அதன் நடுப்புள்ளி தரையினின்று ஒரே உயரத்தில் இருக்குமன்றோ? புவியீர்ப்பு மையம் அந்நடுப்புள்ளிக்குக் கீழே அமைந்திருப்பின், பொம்மையை எப்பக்கம் சாய்த்தாலும் அது மேலேறும். மேலேறியது கீழிறங்க முயலும். அம்முயற்சியே பொம்மையை நிமிர்த்துகின்றது. மையம் நடுப்புள்ளியிலேயே இருப்பின், கால்பந்து போல் விட்ட இடத்தில் நிற்கும். மேலே இருப்பின் கவிழும். இவ்வளவே இதன் இரகசியம்.

ஆனால், 'அடியிற் களிமண் இருப்பதால் விழவில்லை' என்று சொல்லி முடிப்பது பாதி விடையேயாகும். கணக்கிட்டுப் பார்ப்போம். திண்ணிய அரைக்கோளத்தின் புவியீர்ப்பு மையம், நடுப்புள்ளிக்குக் கீழே ஆரத்தில் எட்டில் மூன்று பங்கு தூரத்தில் உள்ளது. ஆரம் 4 சென்டிமீட்டரும் எடை 200 கிராமும் உடைய களிமண் அடியில் அத்தூரம் 1.5 சென்டிமீட்டர்; பெருக்கினால் 300. மேலுடலின் மையம் நடுப்புள்ளிக்கு மேல் 6 சென்டிமீட்டரில் இருக்குமாயின், மேலுடலின் எடை 50 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். திண்ணிய களிமண்ணால் மேலுடலையும் வனைந்தால் இவ்வெல்லையை அது பன்மடங்கு கடந்துவிடும். ஆதலாற்றான் தஞ்சைக் கைவினைஞர் காகிதத்தையும் காகிதக் கூழையும் கொண்டு மேற்பாகத்தை உட்குழிவாகச் செய்கின்றனர். கனத்தை வைப்பது எளிது. கனத்தை விலக்குவதே இங்குத் தொழில்நுட்பம். இடுப்பும் தலையும் தனித்தனியே ஆடும் நடனப் பொம்மையிலும், தாங்கும் கம்பிமுனைக்குக் கீழே ஒவ்வோர் உறுப்பின் மையமும் அமைதல் வேண்டுமென்ற அதே விதிதான் ஆள்கின்றது. இப்பொம்மைகள் 2008–09-இல் புவிசார் குறியீடும் பெற்றன.

மாணவர் இதனைச் செலவின்றிச் சோதிக்கலாம். முட்டையின் மேல்நுனியிற் சிறு துளையிட்டு உள்ளீட்டை அகற்றி, கழுவி உலர்த்தி, சிறிது மணலிட்டு அதன்மேல் உருகிய மெழுகை ஊற்றி, முட்டையை நிமிர்த்தியவாறே இறுகவிடுக. துளையின்மேல் காகிதத் தலையொன்றை ஒட்டுக. பத்து ஆட்டங்களுக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்க. பின்னர்த் தலையில் பயறளவு களிமண்ணை ஒட்டி ஒட்டி மறுபடியும் குறிக்க. ஆட்டம் மேன்மேலும் மந்தமாகும். மையம் நடுப்புள்ளியை நெருங்க நெருங்க நிமிர்த்தும் வலி குறைகின்றது என்பதே காரணம். கவிழ்வதற்குச் சற்று முன்னர்ப் பொம்மை மிகவும் சாவதானமாக ஆடும். பார்ப்பவருக்கு அது அமைதிபோலத் தோன்றும். உண்மையில் அபாயத்தின் அறிகுறி.

இவ்வறிகுறியைப் பொருட்படுத்தாமையால் நேர்ந்த கேட்டிற்கு வாசா என்னும் ஸ்வீடன் தேசத்துப் போர்க்கப்பலே சான்று. மிதக்கும் கலத்தின் கணக்கு பொம்மையினதைவிடச் சிக்கலானதாயினும், மேற்பாகம் கனத்தால் கவிழும் என்பது இரண்டிற்கும் பொது. அக்கப்பல் கரையிற் கட்டப்பட்டிருந்தபோதே, 30 மாலுமிகளை அதன் தட்டில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடச் செய்து சோதித்தனர். கப்பல் அச்சமூட்டுமளவு ஆடவே, மூன்று முறை ஓடியதும் சோதனையை நிறுத்திவிட்டனர். கப்பலை மட்டும் நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்டு 10-ஆம் நாள், முதற்பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் அது மூழ்கியது.

இனி, ஒரு வினா எழலாம். அடியிற் கனமும் வைக்காமல், உட்குழிவும் செய்யாமல், ஒரே சீரான பொருளால், குழிவற்ற வடிவில், ஒரு நிலையில் மட்டுமே நிலைத்து நிற்பதும் மற்றொரு நிலையில் மட்டுமே தடுமாறி நிற்பதுமான உருவமொன்று இயலுமா? இயலும் என்று ருஷியக் கணித மேதை ஆர்னால்டு 1995-இல் ஊகித்தார். ஹங்கேரி நாட்டவரான டொமோகோஷும் வார்கோன்யியும் 2006-இல் அத்தகைய உருவைச் செய்து காட்டி, அதற்குக் கோம்போட்ஸ் எனப் பெயரிட்டனர். இங்கே நிமிர்த்தும் வேலையைச் செய்வது வடிவம் ஒன்றே. மயிரிழை பிசகினாலும் பயனில்லை.

அவ்விருவரும் பின்னர் ஆமையோடுகளை அளந்து ஆராய்ந்தபோது, அவ்வுருவை மிகவும் ஒத்திருந்தவற்றுள் நமது நாட்டு நட்சத்திர ஆமையின் ஓடும் ஒன்றாயிருந்தது. தென்னாட்டு வறண்ட புதர்க்காடுகளில் வாழும் பிராணி அது. தட்டை ஓடுடைய ஆமை மல்லாந்தால் கழுத்தை நீட்டி ஊன்றிப் பெரும்பாடு படும். இதுவோ உயர்ந்த ஓட்டின் வளைவால் தானே புரண்டு வந்து, இறுதியிற் சிறிது காலுதைத்தாற் போதும், எழுந்துவிடும். இதனைப் பிடிப்பது சட்ட விரோதமாதலின், சோதனைக்கு முட்டையோட்டையே கொள்க.