எது கடலுக்கு, எது உலர்துறைக்கு? போர்க்கப்பல் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

1965-இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது, இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. போர் முடியும்வரை அதனால் கடலுக்குப் போக முடியவில்லை. 1971-இல் மறுபடி போர். இம்முறை அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்காது என்று தெரிந்தும் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி அதன் தளத்திலிருந்து கிளம்பிய விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின.

இரண்டு போரிலும் கப்பல் ஒன்றுதான். முதல் போரில் அது கணக்கில் மட்டும் இருந்தது. இரண்டாவது போரில் களத்தில் இருந்தது. ‘இந்தக் கப்பல் வாங்கலாமா, அந்தக் கப்பல் வாங்கலாமா’ என்று நாம் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். எந்த வகைக் கப்பலைத் தேர்ந்தாலும், அதன் பராமரிப்பு நாள்காட்டியையும் சேர்த்துத்தான் தேர்கிறோம்.

முதலில் வேலை, பிறகு கப்பல்

கரையோரக் கடலில் எதிரி நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதுதான் முதல் தேவை என்றால் கார்வெட் போதும். கமோர்ட்டா வகைக் கப்பல்கள் 109 மீட்டர் நீளம், ஏறத்தாழ 3,300 டன். செலவு குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் தொலைதூரக் கடலில் நீண்டநாள் தங்குவதற்கு அவை ஏற்றவை அல்ல.

மற்ற கப்பல்களுக்குத் துணையாகப் போகவும், பல வகை வேலைகளுக்கும் ஃபிரிகேட். 2025 ஜனவரியில் படையில் சேர்ந்த நீலகிரி 149 மீட்டர் நீளமுள்ளது. ஒரு கப்பல் கூட்டத்துக்கே வான்காப்புக் குடை பிடிக்க வேண்டுமானால் நாசகாரிக் கப்பல். 2016-இல் சேர்ந்த ஐஎன்எஸ் சென்னை சுமார் 7,500 டன். வான்தாக்குதலைத் தடுக்கப் பராக்-8, கப்பல்களையும் கரை இலக்குகளையும் தாக்கப் பிரமோஸ் ஏவுகணைகள். இன்று ஃபிரிகேட்டுக்கும் நாசகாரிக்கும் இடையே கோடு மங்கிவிட்டது. எனவே பெயரைப் பார்க்காதீர்கள். எவ்வளவு தொலைவில் வரும் விமானத்தை அதன் ரேடார் காணும், ஒரே நேரத்தில் எத்தனை இலக்கைச் சமாளிக்கும் என்று கேளுங்கள்.

எதிரியை அவன் துறைமுகத்திலேயே தயங்கி நிற்க வைக்க நீர்மூழ்கிக்கு இணை இல்லை. துருப்புகளையும் நிவாரணத்தையும் கரை சேர்க்கத் தரையிறங்கு கப்பல் வேண்டும். 2020 ஜூனில் கொழும்பிலும் மாலேயிலும் தவித்த நம் மக்களைத் தூத்துக்குடிக்கு அழைத்துவந்த ஐஎன்எஸ் ஜலாஷ்வா அந்த வகைதான்.

கரையிலிருந்து கிளம்பும் போர் விமானம் எட்டாத இடத்தில் வான்பலம் வேண்டுமென்றால்தான் விமானந்தாங்கி. கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2-இல் சேர்ந்த புதிய விக்ராந்த் 262 மீட்டர் நீளம், சுமார் 45,000 டன், ஏறத்தாழ 1,600 பேர், ரூ.20,000 கோடி. அதோடு விலை நிற்பதில்லை. அது தனியாகப் போகாது. நாசகாரி, ஃபிரிகேட், எண்ணெய்க் கப்பல் என்று ஒரு கூட்டமே உடன் செல்ல வேண்டும். அதனால் அது பராமரிப்புக்காக உலர்துறைக்குள் போகும் நாள் மொத்தக் கூட்டத்தின் திட்டத்தையும் மாற்றும்.

எஞ்சினைப் பொறுத்துப் பராமரிப்பு

ரஷ்யாவிடம் வாங்கிய நம் இன்னொரு விமானந்தாங்கியான விக்ரமாதித்யா எட்டுக் கொதிகலன்கள் கொண்ட நீராவிக் கப்பல். கொதிகலனைக் குளிரவைத்து, திறந்து, குழாய்களையும் வெப்பம் தாங்கும் உட்காப்பையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2012 சோதனை ஓட்டத்தில் அந்த உட்காப்பு பழுதானதால் ஒப்படைப்பே ஏறத்தாழ ஓராண்டு தள்ளிப்போனது.

புதிய விக்ராந்தில் நான்கு கேஸ் டர்பைன்கள். பழுதான டர்பைனைக் கழற்றி வெளியே எடுத்து, தயாராக உள்ள இன்னொன்றைப் பொருத்தலாம். பழையதைப் பட்டறையில் வைத்துச் சரிசெய்யலாம். கப்பல் காத்திருக்கும் காலம் குறையும். ஆனால் மாற்று டர்பைன் கிடங்கில் இருந்தால்தான் இந்த வசதி.

அணுசக்திக் கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் கவலை பல்லாண்டுகளுக்கு இல்லை. ஆனால் எரிபொருளை மாற்றும்போது நீண்ட இடைவெளி வரும்; அமெரிக்க விமானந்தாங்கிகளுக்கு அது ஆயுளின் நடுவில் ஒருமுறை. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் 2017-இல் அந்த வேலைக்குள் போனது. நான்காண்டு என்று திட்டம்; வெளியே வந்தது 2023 மே மாதம். இத்தனை நீண்ட இடைவெளியைத் தாங்குவதற்கு அந்த நாட்டிடம் 11 விமானந்தாங்கிகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று வைத்திருக்கும் பிரான்ஸ், 2017 தொடங்கி சுமார் ஒன்றரை ஆண்டு தன் சார்ல் த கோலைப் புதுப்பித்தபோது விமானந்தாங்கி இல்லாமலே இருந்தது.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

ஒரே ஒரு விமானந்தாங்கி வைத்திருந்தால், சில காலம் ஒன்றும் இல்லை என்பதை ஏற்க வேண்டும். 1997-இல் பழைய விக்ராந்த் ஓய்வுபெற்றதிலிருந்து 2013 வரை விராட் என்ற ஒரே விமானந்தாங்கியை வைத்து நாம் அப்படித்தான் சமாளித்தோம்.

இரண்டு வைத்திருந்தால் பெரும்பாலும் ஒன்று தயாராக இருக்கும். பிரிட்டன் இதற்குக் கண்முன் சாட்சி. 2022 ஆகஸ்டில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதுமே சுழலித்தண்டின் இணைப்பு பழுதாகி நின்றது. குயின் எலிசபெத் அதற்குப் பதில் போனது. 2024 பிப்ரவரியில் குயின் எலிசபெத்தின் இணைப்பில் கோளாறு. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை ஒரு வாரத்தில் தயார்செய்து அனுப்பினார்கள். இரண்டும் ஒரே வடிவமைப்பு என்பதால் உதிரிப்பாகமும் பயிற்சியும் பொது, பலவீனமும் பொது. நம் விக்ராந்தும் விக்ரமாதித்யாவும் வெவ்வேறு வடிவமைப்பு. உதிரிப்பாகக் கிடங்கு இரட்டிப்பாகும்; ஒரே கோளாறு இரண்டையும் முடக்கும் ஆபத்து குறையும்.

மூன்று இருந்தால், ஒன்று நீண்ட ரீஃபிட்டில் (பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும்) இருக்கும்போதே இன்னொன்று திடீரென்று பழுதானாலும் கடலில் ஒன்று மிஞ்சும். மூன்றாவதுக்காக வாதிடுவோரின் வலுவான காரணம் இதுவே. எதிர்வாதமும் நேர்மையானது: அதே பணத்தில் நீர்மூழ்கிகளும் நாசகாரிகளும் கிடைக்கும்; இருக்கும் இரண்டின் பராமரிப்பை இறுக்கமாக நடத்தினாலே பாதி பலன் வந்துவிடும். பணம் குறைவாக உள்ள நாடு இந்தப் பராமரிப்பு வழியை முதலில் முயல்வதே சரி என்பது என் கருத்து.

நாள்காட்டி போடும் முறை

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டி, பெயின்ட் அடித்து, எஞ்சின் பார்ப்பார்கள். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரையேறலாம், ஏனென்றால் யாருமே கடலுக்குப் போகப்போவதில்லை. கடற்படைக்கு அந்தத் தடைக்காலம் கிடையாது. அதனால் சில விதிகள்.

முதலாவது, இரண்டு விமானந்தாங்கிகளின் பெரிய ரீஃபிட் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. ஒன்று உள்ளே போகும் முன் மற்றது பயிற்சியும் முடித்துத் தயாராக நிற்க வேண்டும். ரீஃபிட் முடிந்த நாளை ‘தயார்’ என்று கணக்கிடுவதுதான் வழக்கமான பிழை. அதன்பிறகு கடல் சோதனை, மாலுமிகள் பயிற்சி, விமானிகள் மறுபடி தளத்தில் இறங்கிப் பழகுவது என்று மாதங்கள் போகும். அமெரிக்கக் கடற்படை பராமரிப்பு, பயிற்சி, பணி மூன்றையும் 36 மாதச் சுழற்சியாகக் கோத்திருப்பது இதற்காகத்தான். கப்பல் துறையில் இருக்கும்போது நம் விமானிகள் கோவாவில் கரையிலேயே கட்டப்பட்ட சறுக்குமேடையில் பழகுகிறார்கள். அந்த நாள்களையும் அட்டவணையில் எழுதுங்கள்.

இரண்டாவது, தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலின் அடிப்பகுதியைப் பார்க்கும் உலர்துறைக்கு முதலில் இடம் பிடியுங்கள். 2024 ஜனவரியில் கொச்சியில் திறக்கப்பட்ட புதிய உலர்துறை 310 மீட்டர் நீளம். இவ்வளவு பெரியவை நாட்டில் மிகக் குறைவு. ரஷ்யாவின் விமானந்தாங்கி குஸ்னெத்சோவுக்கு நேர்ந்தது பாடம்: 2018 அக்டோபரில் அதைத் தாங்கிய மிதவைத்துறையே மூழ்கியது, அதோடு கப்பலின் வேலையும் நீண்டுகொண்டே போனது.

மூன்றாவது, சின்ன வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். துறையில் தண்ணீரை இறைத்து முடித்ததும் கீழே இறங்கிப் பார்த்தால் காரணம் புரியும். இத்தனை பெரிய உடல் வரிசையாக அடுக்கிய கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும். அடிப்பகுதி முழுக்க ஒட்டுச்சிப்பி. இரும்பைக் காப்பதற்காக ஆங்காங்கே பொருத்திய துத்தநாகக் கட்டிகள் சோப்புத் துண்டுபோல் கரைந்திருக்கும். அவை தீர்ந்தால் உப்புநீர் அடுத்துத் தின்பது கப்பலின் உடலைத்தான். கடல்நீர் வால்வுகள், சுழலித்தண்டின் தாங்கிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு வாய்ப்பில்தான் பார்க்க முடியும். இங்கே மிச்சம் பிடிக்கும் ஒரு வாரம் பிறகு மாதக்கணக்கில் திரும்பி வரும்.

நான்காவது, துறையில் இருக்கும் கப்பல் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2020 ஜூலையில் சான் டியாகோவில் பராமரிப்பிலிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் போனம் ரிச்சர்ட் நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. வேலைக்காக அதன் தீயணைப்பு வசதிகள் பெரும்பாலும் முடங்கியிருந்தன. கடைசியில் அதை உடைக்கவே முடிவானது. தீக்காவலுக்கு ஆளும் நேரமும் ஒதுக்காத அட்டவணையில் கையெழுத்திடக் கூடாது.

முடிவெடுக்கும் முன்

2024 நவம்பர் 30-இல் விக்ரமாதித்யாவின் குறுகிய ரீஃபிட்டுக்கும் உலர்துறை வேலைக்கும் கொச்சி கப்பல்கட்டும் தளத்துடன் ரூ.1,207.5 கோடிக்கு ஒப்பந்தமானது. ‘குறுகிய’ வேலைக்கே இவ்வளவு. இதை வீண்செலவு என்று நினைப்பவர்கள் 1965-ஐ நினைத்துப் பார்க்கட்டும்.

புதிய கப்பல் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த வேலைக்கு? அதன் உலர்துறை எங்கே? உதிரிப்பாகம் யாரிடம்? அது துறையில் இருக்கும் மாதங்களில் அதன் இடத்தில் எது நிற்கும்? கடைசிக் கேள்விக்குப் பதிலாக ஒரு கப்பலின் பெயர் வந்தால் அந்தத் திட்டத்தை நம்பலாம்.