தீபாவளிப் புகையும் வீட்டுப் பிள்ளையும்



தீபாவளி வந்தால் பிள்ளை கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதே, பாவாடையில் தீ பிடிக்கக் கூடாதே என்று பயப்படுகிறோம். பக்கத்தில் வாளித் தண்ணீர் வைக்கிறோம். நல்லது. ஆனால் புகையைப் பற்றி மட்டும், "காத்துல கலைஞ்சு போயிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளி இரவில், நாலு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தம்பதி ஓடி வந்தார்கள். பையனுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. மூச்சு இழுக்கும்போது விலாவில் பள்ளம் விழுந்தது. "வெடியே கொடுக்கலீங்க, பாம்பு மாத்திரையும் மத்தாப்பும்தான் கொடுத்தோம்" என்று அந்தத் தாய் அழுதாள். மருந்துப் புகை பிடித்து, விடியும்போது பிள்ளை தேறினான். பெற்றோர் வேண்டுமென்று செய்யவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சத்தம் வேறு, புகை வேறு

சத்தம் இல்லாத வாணம் சாதுவானது என்று நினைக்காதீர்கள். 2016-ல் புனேயில் மார்பு நோய் ஆராய்ச்சியாளர்கள் பல வகைப் பட்டாசுகளைக் கொளுத்தி அளந்து பார்த்தார்கள். மிக அதிக நுண்தூசியை விட்டது பாம்பு மாத்திரைதான்! அதைத்தான் சின்னப் பிள்ளை குனிந்து, மூக்கருகே வைத்துப் பார்க்கிறது.

இந்தத் தூசி தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியில் தங்காது. நுரையீரலின் அடிவரை போகும். ஐப்பசிக் குளிரில் காற்று அசையாத இரவு என்றால் புகை மேலே எழும்பாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். சத்தம் நின்றாலும் புகை நிற்கும்.

யாருக்கு அதிக ஆபத்து?

கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், இளைப்பு உள்ளவர், இருதய நோயாளி, முன்பு காசநோய் வந்து நுரையீரல் பழுதானவர்.

கணவன் மனைவி சேர்ந்து செய்ய வேண்டியவை

1. வாங்கும்போதே குறைத்து வாங்குங்கள். பாம்பு மாத்திரை வேண்டாம். பசுமைப் பட்டாசிலும் புகை உண்டு. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

2. திண்ணையில், வாசலில் கொளுத்தாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளிக்குப் போங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை வராத பக்கம் பிள்ளைகளை நிறுத்துங்கள். 2018 தீபாவளிக்குத் தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்தது. இந்த வருஷ நேரத்தைக் கேட்டறிந்து அதற்குள் முடியுங்கள்.

3. வீட்டின் பின்பக்கம் ஓர் அறையை ஒதுக்குங்கள். வெடி நேரத்தில் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, புகை கலைந்ததும் திறந்துவிடுங்கள். அந்த அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகடுப்பு எதுவும் கூடாது. கொசுவலை கட்டினால் போதும்.

4. முந்தானையும் துண்டும் நுண்தூசியைத் தடுக்காது. பெரியவர்கள் என்-95 முகக்கவசத்தை முகத்தோடு ஒட்டி அணியலாம். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு எந்தக் கவசமும் போடாதீர்கள்.

5. இளைப்புள்ள பிள்ளைக்குத் தினசரி மருந்தைப் பண்டிகை என்று நிறுத்தாதீர்கள். அவசரத்துக்கு உறிஞ்சும் மருந்து தீர்ந்துவிட்டதா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். தீபாவளி லேகியம் வயிற்றுக்கு, மூச்சுக்கு அல்ல.

6. மறுநாள் வெடிக் காகிதத்தைத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். குவித்துக் கொளுத்தாதீர்கள்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

விலாவில் பள்ளம் விழுதல், பால் குடிக்க முடியாமை, பேச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். "விடியட்டும் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

இன்றிரவே பேசிவிடுங்கள்

பிள்ளைகளோடு வெளியே யார் நிற்பது, கைக்குழந்தையோடு உள்ளே யார் இருப்பது என்று இருவரும் முன்னதாகவே பேசி வையுங்கள். மனைவி கர்ப்பிணியாக இருந்தால் அவளை உள்ளே இருக்கச் சொல்லி, வெளி வேலையைக் கணவர் பார்க்க வேண்டும். "ஒரு நாள்தானே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஒரு நாளில்தான் நம் பையனுக்கு மூச்சு முட்டியது என்று அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பெரியவர்களும் கேட்பார்கள்.

வாணம் விடுவது ஒரு நாள். மூச்சு விடுவது வாழ்நாள்!