டேனியல் பூனின் வேர்களைத் தேடி

1775-ஆம் ஆண்டில், அப்பலாச்சியன் மலைகளைக் கடந்து கெண்டக்கிக்குச் செல்லக் காட்டுவழி அமைத்த குழுவின் தலைவர் டேனியல் பூன். எல்லைப்புறத்தில் வாழ்ந்த இவருடைய குடும்ப வரலாற்றை எப்படிக் கண்டறிந்தார்கள்?

பெருந்துணையாக இருந்தவை குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினரின் பதிவேடுகளாகும். பூனின் தந்தை ஸ்குவயர் பூன், இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்திலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர். அவர் 1720-இல் சாரா மார்கனை மணந்த செய்தி அவற்றில் உண்டு. பிள்ளைகள் வேற்றுப் பிரிவினரை மணந்ததால் சபை அவரைக் கண்டித்து, பின்னர் விலக்கியதும் எழுதப்பட்டுள்ளது. குடும்பத்தார் மறைக்க நினைத்திருக்கக்கூடிய செய்திதான் ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது!

பூன் பிறந்தது 1734 அக்டோபர் 22 என்பர் சிலர். நவம்பர் 2 என்பர் வேறு சிலர். இரண்டும் ஒரே நாள்தான். 1752-இல் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாள்கள் விடப்பட்டன. பழைய ஆவணங்களைப் படிப்போர் இதை மறந்தால், ஒருவரையே இருவராக எண்ணிவிடக்கூடும்.

பிறருக்கு வழிகாட்டிய பூனால் தம் நிலத்தைக் காக்க முடியவில்லை. அளவையும் பதிவும் முறையாக இல்லாததால், கெண்டக்கியில் பெற்ற நிலங்களை வழக்குகளில் இழந்தார். பிறகு மிசூரிக்குச் சென்று, 1820-இல் அங்கேயே மறைந்தார்.

ஏடுகளில் இல்லாதவற்றை யாரிடம் கேட்பது? 1851-இல் லைமன் டிரேப்பர் என்பவர் மிசூரிக்கே சென்றார். அப்போது பூனின் கடைசி மகன் நேதனுக்கு வயது எழுபது. அவரும் அவர் மனைவியும் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, டிரேப்பர் எழுதிக்கொண்டார். ஐந்தாண்டுகளில் நேதனும் காலமானார்.