‘டைலூஷன்’ என்றால் என்ன?

பாடசாலையில் அமிலத்தோடு தண்ணீர் சேர்ப்பதை ‘ஐதாக்கல்’ என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதுதான் டைலூஷன். கம்பனிக் கணக்கிலும் இதே சொல் வருகிறது. அங்கே தண்ணீருக்குப் பதில் புதிய பங்குகள்.

சில காலத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு விதவைச் சகோதரி என்னிடம் கடதாசிக் கட்டொன்றைக் கொண்டுவந்தார். “நானா, என்ட நூறு பங்கும் அப்படியேதானே இருக்கு?” என்று கேட்டார். அப்படியேதான் இருந்தது. ஆனால் குடும்பக் கம்பனியின் மொத்தப் பங்கு 300ஆக இருந்தது 600ஆகிவிட்டது. மூன்றில் ஒன்று ஆறில் ஒன்றாயிற்று.

வாக்குப் பலம் மட்டும் போனால் பரவாயில்லை என்பீர்கள். விலையைப் பாருங்கள். கம்பனியின் பெறுமதி 300 இலட்சம். அதாவது பங்கொன்று ஒரு இலட்சம். புதிய 300 பங்கும் பத்தாயிரம் ரூபாப்படி கொடுக்கப்பட்டன. உள்ளே வந்தது 30 இலட்சம்தான். இப்போது 330 இலட்சத்தை 600ஆல் பிரித்தால் பங்கொன்று 55,000. அவரது ஒரு கோடி 55 இலட்சமாகிவிட்டது. புதியவர் ஒரு இலட்சப்படி கொடுத்திருந்தால் அவர் பணத்தில் ஒரு சதமும் குறைந்திராது.

பெரிய கம்பனிகளிலும் இது நடப்பதுதான். 2013இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ், பின்னர் சினமன் லைஃப் எனப் பெயர் பெற்ற திட்டத்துக்காக, 13 பங்குக்கு 2 புதிய பங்கு என்று 175 ரூபாப்படி உரிமை வழங்கல் செய்தது. வாங்காமல் இருந்தவரின் வீதம் பதினைந்தில் பதின்மூன்றாகச் சுருங்கியது. ஆனால் பணமில்லாதவர் அந்த உரிமையைச் சந்தையில் விற்றுக் காசாக்கலாம். பேசாமல் இருந்தவருக்குத்தான் நட்டம். 2024இல் அதே கம்பனி ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்ததே, அது டைலூஷன் அல்ல. எல்லோருடைய பங்கும் ஒரே அளவில் பெருகியது. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 53ஆம் பிரிவு, புதிய பங்குகளை முதலில் இருக்கிற பங்குதாரருக்கே அவரவர் வீதப்படி கொடுக்க முன்வர வேண்டும் என்கிறது. கம்பனியின் அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொல்லாதிருந்தால்தான். ஆகவே அந்த விதிகளை வாங்கிப் பாருங்கள்.

அந்தச் சகோதரிக்கும் கடிதம் வந்திருந்தது. பங்கு வேண்டாம் என்று கையொப்பமும் வைத்திருந்தார். ஆங்கிலக் கடிதம். யாரும் வாசித்துச் சொல்லவில்லையாம்.