ஒரு ரூபாய்ச் சம்பளம்

கம்பெனி உத்தியோகமா, பொதுப்பணியா? நம் விடுதியில் ஓயாது நடக்கும் வாதம் இது. இதற்குச் சாம் பிட்ரோடாவின் வரலாறு நல்ல பாடமாகும்.

ஒடிசாவில் பிறந்த அவர் அமெரிக்காவில் தொலைபேசித் துறை வல்லுநர். ராக்வெல் கம்பெனியில் உயர் பதவி வகித்தவர். அதை விட்டு, 1984-ல் இந்திய அரசு தொடங்கிய ‘சி-டாட்’ நிலையத்துக்கு ஆலோசகராக வந்தார். சம்பளம் ஆண்டுக்கு ஒரு ரூபாய். (முன்பே பொருளீட்டியவருக்கு அது இயலும், கல்விக்கடன் சுமக்கும் நமக்கு இயலுமோ?)

சம்பளத்தினும் வேலையே கருதத் தக்கது. அயல்நாட்டு மின்னணு இணைப்பகங்கள் குளிரூட்டிய அறையன்றி இயங்கா. வெயிலும் புழுதியும் மின்வெட்டும் மலிந்த நம் கிராமங்களில் அவை என் செய்யும்? ஆதலின் சி-டாட் பொறியியலாளர், மின்சாரத்தைச் சிறிதே செலவிடும் உறுப்புகளைக் கொண்டு அமைத்தனர். செலவு குறையவே வெப்பமும் குறைந்தது; குளிர்சாதனம் வேண்டாததாயிற்று. 128 முனைகள் கொண்ட அச்சிறு இணைப்பகம் 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் நிறுவப்பெற்றது. பின்னர் பல்லாயிரம் சிற்றூர்களுக்கும் பரவியது.

நகரங்களுக்கான பெரிய இணைப்பகமோ, வாக்களித்த 36 மாதத்தில் முடியவில்லை. 1989-ல் ஆட்சி மாறியதும் கண்டனக் கணைகள் பாய்ந்தன. ஒரு ரூபாய் வாங்கியவரும் அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.