வெண்ணிற இடி

வாசிக்கும் முன்

மனித நடமாட்டம் குறைந்த இயற்கைப் பகுதி ஒன்றைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் சென்றால் அந்த இடம் என்ன ஆகும்? நண்பருடன் கலந்துரையாடுக. பிறகு, கீழ்க்காணும் பயணக் கட்டுரையை வாசித்திடுக.

பாட்டியின் பரிசு

பாட்டிக்கு எழுபது வயது நிறைந்த ஆண்டு அது. கனடாவின் வான்கூவர் நகரில் தாதியாகப் பணிபுரியும் என் அத்தை ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, ஜூன் மாத விடுமுறையில் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மூவரும் அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாம். இது உங்களுக்கு என் பிறந்தநாள் பரிசு,” என்றார்.

“தைப்பிங் மழையையே என் முட்டி தாங்கவில்லை. இந்த வயதில் எனக்கு எதற்கு அம்மா பனி?” என்று பாட்டி மறுத்தார். ஆனால், அன்றிரவே அவர் அலமாரியைத் திறந்து கம்பளிச் சட்டை தேடியதை நான் பார்த்துவிட்டேன்.

வான்கூவர் துறைமுகத்தில் நின்ற உல்லாசக் கப்பல், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைக் கடலில் இறக்கி வைத்தாற்போல் இருந்தது. ஏழு இரவுப் பயணம். மாலையில் கப்பல் புறப்பட்டது. வீட்டில் இரவு உணவு உண்டு முடிக்கும் நேரத்திலும் அங்கே வெயில் அடித்தது. வடக்கே செல்லச் செல்லப் பகல் இன்னும் நீண்டது. இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்திருந்தது. “பொழுது சாயாமல் எப்படி உறங்குவது?” என்று பாட்டி திரைச்சீலையை இழுத்து மூடினார்.

தீவுகளின் நடுவே

அலாஸ்காவுக்குச் செல்லும் இத்தகைய கப்பல்கள் பெரும்பாலும் திறந்த பெருங்கடலில் செல்வதில்லை. கரைக்கும் எண்ணற்ற தீவுகளுக்கும் இடையிலுள்ள ‘உள்வழி’ எனப்படும் நீர்ப்பாதையில் செல்கின்றன. பசிபிக் பெருங்கடலின் அலைகளைத் தீவுகள் தடுத்துவிடுவதால் நீர் ஏரியைப் போல் அமைதியாக இருந்தது. இரு புறமும் கரும்பச்சைக் காடு. மரங்களின் இடையே அருவிகள் வெள்ளிக் கம்பிகளாய் இறங்கின.

மழைக்காடு என்றாலே வெப்பமண்டலத்தில்தான் இருக்கும் என நான் எண்ணியிருந்தேன். அது தவறு. அலாஸ்காவின் தென்கிழக்கில் உள்ள தோங்காஸ் தேசியக் காடு மிதவெப்ப மழைக்காடாகும். அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியக் காடு அதுவே. ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர், அதாவது நமது பேராக் மாநிலத்தைப் போல் மூன்று மடங்குப் பரப்பளவு கொண்டது.

மூன்றாம் நாள் ஜூனோ நகரை அடைந்தோம். அது அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம். ஆயினும், வெளியிலிருந்து அங்குச் செல்லச் சாலையே இல்லை. கப்பலில் வர வேண்டும் அல்லது விமானத்தில் வர வேண்டும். ஏறத்தாழ 32,000 பேர் வாழும் அந்நகருக்கு ஆண்டுதோறும் ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் உல்லாசக் கப்பல்களில் வருகின்றனர். நெரிசலைச் சமாளிக்க 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டுமே வரலாம் என வரையறுத்துள்ளனர். கடைத்தெருவில் பயணிகள் கூட்டத்தைப் பார்த்த பாட்டி, “தைப்பூசம் போல் இருக்கிறதே!” என்றார். அந்தக் கூட்டத்தில் நாங்களும் மூவர் என்பது எனக்கு உறுத்தியது.

காலத்தின் ஊடே ஒரு பயணம்

மறுநாள், தங்க வேட்டைக்குப் பெயர்பெற்ற ஸ்கேக்வே என்னும் சிற்றூரைக் கண்டோம். ஐந்தாம் நாள்தான் இப்பயணத்தின் உயிர்நாடி. அதிகாலையில் கப்பல் பனியாற்று விரிகுடாவினுள் நுழைந்தது. சிறு படகில் வந்த தேசியப் பூங்கா அதிகாரிகள், நகரும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கயிற்றேணியில் ஏறி வந்தனர். நாள் முழுவதும் அவர்களே எங்களுக்கு வழிகாட்டிகள்.

மேல்தளத்தில் எங்கள் அருகே நின்ற பெண் அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். “1794ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவரின் கடற்பயணக் குழு இங்கு வந்தபோது இந்த விரிகுடாவே இல்லை. வாயிலை அடுத்துப் பெரும் பனிச்சுவர் மறித்து நின்றது. 1879இல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆர்வலர் வந்தபோது பனி 50 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. 1916க்குள் அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் விலகிவிட்டது. நாம் இப்போது மிதக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் பனிக்கு அடியில் இருந்தது,” என்றார்.

நான் கரையைக் கவனித்தேன். விரிகுடாவின் வாயிலில் அடர்ந்த காடு இருந்தது. உள்ளே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகிப் புதர்களாயின. பிறகு பாசி மட்டும் தெரிந்தது. இறுதியில் வெறும் பாறையே எஞ்சியது. காரணம் எளிது. பனி முதலில் விலகிய வாயில் பகுதியில் செடிகொடிகள் வளர இரண்டு நூற்றாண்டு கிடைத்தது. உட்பகுதிக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. 1916இல் வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் இங்குச் சில நிலத்துண்டுகளைக் குறித்து வைத்து, வெற்றுப் பாறை எவ்வாறு காடாகிறது என ஆராயத் தொடங்கினார். அத்துண்டுகளில் ஆய்வு இன்றும் தொடர்கிறது. கப்பல் முன்னோக்கிச் சென்றது; நாங்களோ காலத்தில் பின்னோக்கிச் சென்றுகொண்டிருந்தோம்.

நீரின் நிறமும் மாறியது. பனியாறு நகரும்போது பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு கலந்ததால் கடல் பால் கலந்த பச்சையாகத் தெரிந்தது. மிதந்து வந்த பனிக்கட்டிகளின் மேல் கடல்நாய்கள் படுத்திருந்தன. பனிக்கட்டிகளிலிருந்து சடசடவென மெல்லிய ஒலி எழுந்தது. உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள் வெடிக்கும் ஓசை அது.

பனி பேசிய நேரம்

முற்பகலில் மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றது. ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாறு மலைகளிலிருந்து இறங்கிக் கடலில் முடிகிறது. அதன் முகப்பு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் அகலமானது. நீருக்கு மேல் 75 மீட்டர் அளவுக்கு எழுந்து நின்றது. குளிர்காற்றில் என் உடல் வெடவெடவென நடுங்கியது.

பனி வெண்மையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பிளவுகளோ ஆழ்ந்த நீலமாக இருந்தன. பல்லாண்டு காலம் பனி மேன்மேலும் அழுந்தும்போது அதிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது. அத்தகைய இறுகிய பனி சிவப்பு ஒளியை ஈர்த்துக்கொள்கிறது; நீல ஒளியே நம் கண்ணை வந்தடைகிறது.

திடீரென ஒரு தூண் அளவிலான பனி மளமளவெனச் சரிந்து கடலில் விழுந்தது. முதலில் கண்ணுக்குத் தெரிந்தது; ஒரு கணம் கழித்துத்தான் இடியோசை வந்தது. கப்பல் அரைக் கிலோமீட்டர் தொலைவில் நின்றதால் ஒலி எங்களை அடையச் சற்று நேரம் பிடித்தது. இந்த ஓசையை இம்மண்ணின் பூர்வகுடிகளான கிளிங்கிட் மக்கள் ‘வெண்ணிற இடி’ என்பர். தளத்தில் நின்ற அனைவரும் ஆரவாரம் செய்து கைதட்டினர். பாட்டி மட்டும் கைதட்டவில்லை.

“ஏன் பாட்டி?” என்று கேட்டேன்.

“இடிந்து விழுவதற்கு யாராவது கைதட்டுவார்களா?” என்றார் பாட்டி.

திரும்பி வந்தவர்கள்

பாட்டி சொன்னதை அதிகாரியிடம் ஆங்கிலத்தில் கூறினேன். அவர் முகம் மலர்ந்தது. “பனி உடைந்து விழுவது இயற்கையே. இந்த விரிகுடா திறந்ததும் பெரும்பாலும் இயற்கையாக நடந்ததுதான். ஆனால், இன்று புவி வெப்பமடைவதால் அலாஸ்காவின் பெரும்பாலான பனியாறுகள் மெலிந்தும் சுருங்கியும் வருகின்றன. உங்கள் பாட்டியின் கவலை நியாயமானது,” என்றார்.

பிறகு, அவர் ஹூனா கிளிங்கிட் மக்களின் வரலாற்றைச் சொன்னார். பனிச்சுவர் எழுவதற்கு முன் அவர்களுடைய ஊர்கள் இங்கேதான் இருந்தன. 1700களில் பனியாறு ஓடும் நாயின் வேகத்தில் பாய்ந்து வந்து ஊர்களை அழித்ததாக அவர்களின் வாய்மொழி வரலாறு கூறுகிறது. அவர்கள் இடம்பெயர்ந்து வேறு கரையில் குடியேறினர். பனி விலகியபின் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் மீண்டும் வந்தனர். ஆனால், இப்பகுதி பாதுகாக்கப்பட்ட இடமானபின் அவர்களின் பழைய வாழ்க்கைமுறைக்குத் தடைகள் வந்தன.

நான் மொழிபெயர்க்க, பாட்டி கண்ணிமைக்காமல் கேட்டார். பாட்டி பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு, தோட்டமே விற்கப்பட்டது. லயங்களும் கோயிலும் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி உள்ளது.

“அவர்களால் திரும்பி வர முடிந்ததா என்று கேள்,” என்றார் பாட்டி.

“முடிந்தது,” என்றார் அதிகாரி. “2016இல் இந்தப் பூங்காவின் கரையில் அவர்களுக்கான பாரம்பரிய இல்லம் திறக்கப்பட்டது. செதுக்கிய மரப்படகுகளில் துடுப்புப் போட்டுக்கொண்டு அவர்கள் வந்து இறங்கினார்கள்.” பாட்டி ஒன்றும் பேசவில்லை. பனியாற்றையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனத்தில் இருந்த கேள்வியையும் கேட்டேன். “எரிபொருளை எரித்துக்கொண்டு இவ்வளவு பெரிய கப்பலில் நாங்கள் வருவது இந்தப் பனிக்கு நல்லதா?”

அதிகாரி மழுப்பவில்லை. “நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் இங்கு அனுமதி இல்லை. திமிங்கிலங்கள் நடமாடும் நீரில் வேகக் கட்டுப்பாடும் உண்டு. 2001இல் கப்பல் மோதிக் கருவுற்ற கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று இறந்தது. அதன் எலும்புக்கூட்டைக் கரையில் காட்சிக்கு வைத்திருக்கிறோம். இந்த இடத்தை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால், எல்லாரும் ஒரே நாளில் வரக்கூடாது என்றும் நினைக்கிறேன்,” என்றார்.

பிறகு, என் திறன்பேசியைச் சுட்டிக்காட்டி, “படம் எடுத்தாயா? எந்த இடம், எந்த நாள் என்று எழுதி வை. 1926 முதல் வில்லியம் ஃபீல்ட் என்பவர் இங்கு வந்து, பனியாறுகளை ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் படம் எடுத்தார். எவ்வளவு பனி போனது என்பதை அந்தப் படங்களே இன்று நமக்குச் சொல்கின்றன,” என்றார்.

திரும்பும் வழியில் கெட்சிகன் நகரில் பலத்த மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. “இது நம் தைப்பிங்தான்!” என்று பாட்டி குடையை விரித்தார்.

வீடு திரும்பிய அடுத்த வாரம் பாட்டி அப்பாவைக் காரை எடுக்கச் சொன்னார். பழைய தோட்டம் இருந்த இடத்திற்குச் சென்றோம். வரிசை வீடுகளுக்குப் பின்னால், கோயிலருகே நின்ற அரசமரம் மட்டும் இன்னும் இருந்தது. பாட்டி அதன் அடியில் போய் நின்றார்.

“படம் எடு. எந்த இடம், எந்த நாள் என்று மறக்காமல் எழுதி வை,” என்றார்.

அருஞ்சொற்பொருள்

உல்லாசக் கப்பல் – பொழுதுபோக்குப் பயணத்திற்கான பெரிய கப்பல்
விரிகுடா – நிலத்தினுள் வளைந்து புகுந்துள்ள கடற்பகுதி
பனியாறு – இறுகிய பனி மெல்ல நகர்ந்து செல்லும் பெருந்தொகுதி
பூர்வகுடிகள் – ஓரிடத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மக்கள்
மழுப்புதல் – நேரடியாகப் பதில் கூறாமல் தவிர்த்தல்
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு

கருத்துணர் கேள்விகள்

1. உள்வழி நீர்ப்பாதையில் அலைகள் குறைவாக இருப்பதற்குக் காரணம் யாது?
2. விரிகுடாவின் வாயிலில் அடர்ந்த காடும் உட்பகுதியில் வெறும் பாறையும் காணப்படுவது ஏன்?
3. பனி உடைந்து விழுவது முதலில் தெரிந்து, ஓசை பிறகு கேட்டதற்கான காரணத்தை விளக்குக.
4. “அவர்களால் திரும்பி வர முடிந்ததா என்று கேள்.” பாட்டி இவ்வாறு கேட்டதன் பின்னணி என்ன?
5. பாட்டி அரசமரத்தடியில் படம் எடுக்கச் சொன்னதற்கும் பனியாற்றைப் படம் எடுத்ததற்கும் உள்ள தொடர்பை எழுதுக.
6. இயற்கைப் பகுதிகளுக்குச் சுற்றுப்பயணிகள் செல்வதைக் கட்டுப்படுத்த வேண்டுமா? இரண்டு காரணங்களுடன் உமது கருத்தை எழுதுக.

மொழிப் பயிற்சி

கட்டுரையில் இடம்பெற்றுள்ள மூன்று இரட்டைக்கிளவிகளை அடையாளங்கண்டு, அவற்றைக் கொண்டு சொந்தமாக வாக்கியம் அமைத்திடுக.

செயல்திட்டம்

உம் ஊரில் மாறிவரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திடுக. அவ்விடம் முன்பு எப்படி இருந்தது என்று வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து, இன்றைய படத்துடன் ஒரு பக்க அளவில் எழுதிடுக.