ஓடும் காலும் நடக்கும் காலும்

பாராலிம்பிக் ஓட்டப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் கண்ட பின்னர், வளைந்த கரும்பட்டை போன்ற அந்தச் செயற்கைக் காலைத் தமக்கும் பொருத்த இயலுமா என்று, கால் அகற்றப்பட்ட நோயாளிகள் எங்களிடம் வினவுகின்றனர். நியாயமான வினாவே. விடை கூறுமுன், அக்கருவி இயங்கும் விதத்தை அறிதல் நன்று.

அமெரிக்கரான வான் பிலிப்ஸ் 1976ஆம் ஆண்டு நீர்ச்சறுக்கு விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தார். அன்று கிடைத்த செயற்கைக் கால் தோற்றத்தில் பாதத்தை ஒத்திருந்ததேயன்றி, அதில் துள்ளல் இல்லை. அவர் கார்பன் நாரை நாடினார். அது எடை குறைந்தது. வளைந்தாலும் மீண்டும் நிமிரும். ஓடுபவர் தரையை மிதிக்கையில் தகடு வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது; நிமிர்கையில் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. நமது குதிகால் நாணும் இதையே செய்கிறது. ஆனால் நாணோடு இணைந்த கெண்டைத் தசை புதிய ஆற்றலையும் சேர்க்கிறது. தகட்டுக்குத் தசை ஏது? பெற்றதைவிட மிகுதியாக அதனால் தர இயலாது. அக்குறையை இடுப்பும் தொடையும் உழைத்து ஈடுசெய்கின்றன. ஜெர்மனியின் மார்க்குஸ் ரேம் 2023இல் 8.72 மீட்டர் தாண்டியதைக் கருவியின் வெற்றி என்று மட்டும் கூறுவதை நாங்கள் ஏற்பதில்லை.

ஓட்டத்திற்கான தகட்டில் குதிகால் இல்லை. அதை அணிந்து அசையாமல் நிற்பது கடினம். பேருந்துக்குக் காத்திருக்கவோ சமையலறையில் நிற்கவோ உதவாது. வீரர்களும் பந்தயம் முடிந்ததும் நடைக்கான வேறு காலை மாட்டிக்கொள்கின்றனர். கார்பன் நாராலான நடைப் பாதங்களும் உண்டு, விலை அதிகம். வீட்டிற்குள் மட்டும் நடக்கும் முதியவருக்கு உறுதியான எளிய பாதமே போதும்.

குடும்பத்தார் பாதத்தைப் பற்றிக் கேட்கின்றனர். நாங்களோ சாக்கெட்டைப் பற்றியே கவலைப்படுகிறோம். எஞ்சிய காலைத் தாங்கும் கிண்ணம் அது. அறுவைக்குப் பிந்திய மாதங்களில் வீக்கம் வற்றுவதால், அளவாக இருந்த சாக்கெட் தளர்ந்து உராயத் தொடங்கும். சர்க்கரை நோயினால் உணர்ச்சி குன்றியவர்களுக்கு அந்த உராய்வு வலிக்காது. புண் ஆழமான பின்னரே தெரியவரும். ஆகவே ஒவ்வோர் இரவும் காலைக் கழற்றியபின் தோலைக் கண்ணாடி கொண்டு பாருங்கள். பார்வை குறைந்தவராயின் வீட்டார் பார்க்கவேண்டும். மற்றக் காலின் பாதத்தையும் விரலிடுக்குகளையும் உடன் பார்த்துவிடுங்கள். சிவப்பு சிறிது நேரத்தில் மறையாவிட்டால், மறுநாள் அந்தக் காலை அணியாமல் எங்கள் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது செயற்கைக் காலையும், அதனுடன் அணியும் உறைகளையும் மறவாமல் எடுத்து வரவும்.